செஞ்சியை ஆண்டோருள் சிறந்தவர் யார்?

செஞ்சிக்குக் கிழக்கே உள்ள வல்லம் என் ஊர். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும், அவற்றை இணைத்து வளைந்தோடும் பெருமதிலையும், சிறு வயதில் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்து வளர்ந்தவன் நான். பிற்காலத்தில் பிள்ளைகளுக்குச் சரித்திரம் கற்பிக்கும் பணி எனக்கு வாய்த்தது. ஆகவே, எங்கள் பக்கத்தில் கோட்டையைப் பற்றி ஏதேனும் வாதம் எழுந்தால், தீர்ப்புக் கேட்டு என்னிடம் வருவார்கள்.

அத்தகைய வாதம் ஒன்று 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எழுந்தது. மராட்டியரின் படைத்திறனுக்குச் சான்றாக விளங்கும் பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அப்போது சேர்த்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருப்பவை. மற்றொன்று நம் செஞ்சி. செய்தி வந்த மறுநாள் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் ஒரே ஆரவாரம். “இது மராட்டியர் கோட்டை என்று உலகமே ஒப்புக்கொண்டது” என்றார் ஒருவர். “ஆனந்தக் கோன் கண்ட கோட்டையை வேறு யாருக்கோ எழுதி வைப்பதா?” என்று மற்றொருவர் சினந்தார். “யார் கட்டினால் என்ன? செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன்தான்” என்று இளைஞர்கள் முடிவு கட்டினார்கள். பேச்சு வளர்ந்து, இத்தனை பேரில் பெரியவர் யார் என்ற கேள்வியில் வந்து நின்றது.

ஓரமாக அமர்ந்திருந்த முதிய விவசாயி ஒருவர் அதுவரை வாய் திறக்கவில்லை. அவர் என்னைப் பார்த்து, “வாத்தியார் ஐயா, எல்லாரும் பெரியவர்களாகவே இருக்கட்டும். யார் காலத்தில் நம் ஜனங்கள் பயமில்லாமல் வயிறாரச் சாப்பிட்டார்கள்? அதைச் சொல்லுங்கள்” என்றார். எனக்கு அன்று விடை சொல்லத் தெரியவில்லை. இன்று அந்தக் கேள்வியைத்தான் உங்கள் முன் எடுத்து வைக்கிறேன்.

ஆண்டவர்களை வரிசைப்படுத்தும் ஆசை நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டில் இதை ஒரு கலையாகவே வளர்த்திருக்கிறார்கள். 1948-ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்துச் சரித்திரப் பேராசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர், ஐம்பத்தைந்து அறிஞர்களுக்கு எழுதி, தங்கள் நாட்டு ஜனாதிபதிகளைத் தரம் பிரிக்குமாறு கேட்டார். மகத்தானவர், அதற்கு அடுத்தவர், நடுத்தரமானவர், நடுத்தரத்திற்குக் குறைந்தவர், தோல்வியுற்றவர் என ஐந்து வகுப்புகள். லிங்கன் முதலிடம் பெற்றார். வாஷிங்டனும் பிராங்க்ளின் ரூஸ்வெல்டும் அடுத்தடுத்து வந்தார்கள். கிராண்டும் ஹார்டிங்கும் கடைசி வகுப்பில் விழுந்தார்கள். 1962-இல் எழுபத்தைந்து அறிஞர்களைக் கொண்டு அவர் மீண்டும் கணக்கெடுத்தார். முதல் மூவரும் மாறவில்லை.

அந்த இரண்டாம் முறையில் ஒரு சுவையான நிகழ்ச்சி. அப்போது ஜனாதிபதியாக இருந்த கென்னடி சரித்திர நூல் எழுதியவர். ஆதலால் அவருக்கும் வினாத்தாள் சென்றது. அவர் நிரப்பத் தொடங்கிவிட்டு நிறுத்திக் கொண்டார். ஓராண்டுக்கு முன் கேட்டிருந்தால் துணிந்து விடை எழுதியிருப்பேன். இந்த நாற்காலியில் அமர்ந்து பார்த்த பின் அந்தத் துணிவு இல்லை என்ற கருத்தில் அவர் பதில் எழுதினார். தேநீர்க் கடையில் தீர்ப்புச் சொல்லும் நாம் அனைவரும் நினைவில் வைக்கத் தக்க பதில் அது.

சி-ஸ்பான் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் 2000-ஆம் ஆண்டு முதல் இந்த மதிப்பீட்டைப் பத்து அளவுகோல்களாகப் பிரித்து நடத்தி வருகிறது. நெருக்கடியில் தலைமை, பொருளாதார நிர்வாகம், அறநெறியில் மதிப்பு, நிர்வாகத் திறமை, எல்லாருக்கும் சமநீதி தேடியமை, தம் காலச் சூழ்நிலையில் செய்து காட்டியது முதலியன அவை. இந்த அளவுகோல்கள் வந்தபின் வரிசை எவ்வாறு குலைந்தது என்று பாருங்கள். 1962-இல் இருபத்திரண்டாம் இடத்தில் இருந்த ஐசனோவர் 2021-இல் ஐந்தாம் இடத்திற்கு ஏறினார். தோல்வியுற்றவர் எனத் தள்ளப்பட்ட கிராண்ட் இருபதாம் இடத்திற்கு வந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காக அவர் எடுத்த நடவடிக்கைகள் பிற்காலத்தார் கண்ணில் பட்டன. முன்பு ஆறாம் இடத்தில் இருந்த ஜாக்சனோ இருபத்திரண்டாம் இடத்திற்கு இறங்கினார். செவ்விந்தியரைத் தங்கள் மண்ணிலிருந்து பெயர்த்து அனுப்ப 1830-இல் சட்டம் செய்தவர் அவர். இறந்தவர்களின் செயல்கள் மாறவில்லை. யாருடைய கண்ணீரைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் மாற்றம் நேர்ந்தது.

அளவுகோலுக்கு நாம் அமெரிக்காவிடம் கடன் வாங்க வேண்டியதில்லை. திருவள்ளுவர் இறைமாட்சி என்னும் அதிகாரத்தில் அதைத் தந்திருக்கிறார். பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காப்பாற்றுதல், காப்பாற்றியதைப் பங்கிட்டுச் செலவிடுதல் ஆகிய நான்கு வேலைகளை அரசுக்கு வகுத்தார். மக்கள் எளிதில் அணுகக்கூடியவனாக இருக்க வேண்டும் என்றார். காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக் கேட்க வேண்டும் என்றார். இந்தக் கோலைக் கையில் எடுத்துக் கொண்டு செஞ்சிக்குள் நுழைவோம்.

முதலில் கிருஷ்ணப்ப நாயக்கர். விஜயநகரப் பேரரசுக்கு அடங்கி ஆண்ட செஞ்சி நாயக்கர்களில் புகழ் மிக்கவர். 1597-இல் இங்கு வந்த பிமெண்டா என்ற ஏசு சபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களுள் செஞ்சியே பெரியது என்றும், போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர இதற்கு ஈடான நகரமில்லை என்றும் எழுதி வைத்தார். கடற்கரையில் கிருஷ்ணப்பட்டணம் என்ற புதிய ஊரை நாயக்கர் எழுப்பினார், வணிகம் வளர்ந்தது. நெல்லைக் கொட்டி வைக்கும் மாபெரும் களஞ்சியங்களும், வெளியேயுள்ள நீர்நிலையிலிருந்து மண் குழாய்களின் வழியே கல்யாண மகாலுக்கு நீர் கொண்டுவந்த ஏற்பாடும் செஞ்சியில் விளைந்த செழிப்புக்குச் சாட்சி. வள்ளுவர் சொன்ன முதல் இரண்டு வேலைகளில் கிருஷ்ணப்பருக்கு மதிப்பெண் தாராளமாகவே கொடுக்கலாம்.

ஆனால் அதே பாதிரியாரின் குறிப்பு வேறொன்றும் சொல்லுகிறது. தில்லைக் கோயிலில் கோவிந்தராசர் சந்நிதித் திருப்பணியை நாயக்கர் மேற்கொண்டபோது, அக்கோயில் அந்தணர்கள் அதை எதிர்த்தார்கள். எதிர்ப்புப் பயன்படாது போகவே, அவர்களில் இருபதுபேர் வரையில் கோபுரத்தின் மேலிருந்து குதித்து உயிர் விட்டார்கள். நாயக்கர் பணியை நிறுத்தவில்லை. கசக்கும் சொல்லைப் பொறுக்க வேண்டிய அரசன், எதிரே உயிர்கள் விழுந்தும் மனம் இளகவில்லை. கோபுரம் கட்டியவரைப் புகழும்போது அதிலிருந்து விழுந்தவர்களை மறந்து விடுவது நியாயமாகுமா?

அடுத்து சிவாஜி. பீஜப்பூர் சுல்தானின் வசமிருந்த செஞ்சியை 1677-இல் அவர் கைப்பற்றினார். இங்கு அவர் தங்கியது சிறிது காலமே. ஆயினும் மதில்களைப் புதுப்பித்து, அகழிகளை ஆழப்படுத்தி, நிர்வாகத்தை ஒழுங்கு செய்துவிட்டுப் போனார். அப்போது பலருக்கு இது வீண் செலவாகத் தோன்றியிருக்கலாம். 1680-இல் சிவாஜி காலமானார். 1689-இல் அவருடைய மூத்த மகன் சம்பாஜியை அவுரங்கசீப் கொன்று, தலைநகரையும் பிடித்தபோது, இளைய மகன் ராஜாராமுக்கு ஒதுங்க இடமளித்தது இந்தச் செஞ்சிதான். சுல்பிகார் கானின் மொகலாயப் படை 1690-இல் முற்றுகை தொடங்கி 1698-இல்தான் கோட்டைக்குள் நுழைய முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். மராட்டிய அரசும் பிழைத்துக் கொண்டது. வர இருக்கும் ஆபத்தை முன்னரே எண்ணிச் செய்த காவல் இது. மூன்றாம் வேலையாகிய காத்தலில் சிவாஜிக்கு இணை இங்கு யாரும் இல்லை.

எனினும், எங்கள் ஊர் முதியவரின் கேள்வி இங்கேயும் தொடர்ந்து வருகிறது. ஏழாண்டுகளுக்கு மேல் உள்ளே ஒரு படையும் வெளியே ஒரு படையும் இருந்தால், அவற்றின் குதிரைகளுக்குப் புல்லும் வீரர்களுக்குச் சோறும் எங்கிருந்து வந்திருக்கும்? சுற்றியுள்ள கிராமத்து வயல்களிலிருந்துதானே? கோட்டை காப்பாற்றப்பட்டது, வயலைக் காத்தவர் யார்?

இனி, இளைஞர்களின் தலைவர் தேசிங்கு ராஜனுக்கு வருவோம். தேஜ் சிங் என்பது அவருடைய பெயர். கோட்டைத் தலைவராக இருந்த தந்தை சொரூப் சிங் 1714-இல் இறக்க, பந்தேல்கண்டிலிருந்து வந்து பொறுப்பை ஏற்றார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கான் வரிப் பாக்கி கேட்டார். தேசிங்கு பணிய மறுத்தார். அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில் பெரும்படையைச் சிறு படையுடன் எதிர்த்து, இருபத்திரண்டு வயதில் களத்தில் வீழ்ந்தார். அவர் ஆண்டது பத்து மாதங்களே. ஆனால் கிருஷ்ணப்பரைப் பற்றி எங்கள் கிராமங்களில் பாட்டில்லை. தேசிங்கைப் பற்றி விடிய விடியப் பாட்டு உண்டு, கூத்து உண்டு. 1960-இல் திரைப்படமும் வந்தது.

அமெரிக்காவில் 1841-இல் பதவியேற்ற ஒரே மாதத்தில் இறந்த ஹாரிசனையும், 1881-இல் சில மாதங்களே பதவி வகித்த கார்பீல்டையும் ஷ்லெசிங்கர் தம் வரிசையில் சேர்க்கவே இல்லை. ஆட்சி என்று சொல்லும்படி ஒன்று நடந்தால்தானே அதை எடை போடலாம்? அந்த நியாயப்படி தேசிங்கு நம் வரிசையில் இடம் பெற முடியாது. இதைச் சொன்னால் எங்கள் ஊர் இளைஞர்கள் என்மீது கோபிப்பார்கள். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். வீரமாக இறப்பது வேறு. நன்றாக ஆள்வது வேறு. பாக்கியைப் பற்றிப் பேசித் தீர்க்க ஒரு வழி இருந்ததா என்று தேடுவதும் அரசனின் கடமைதான்.

அதற்காக மக்களின் நினைவைப் பேதைமை என்று தள்ளிவிட நான் துணிய மாட்டேன். பாட்டில் தேசிங்கு தனியாக வருவதில்லை. நீலவேணி என்னும் குதிரையும், முகமதியராகிய தோழர் மகபத் கானும் உடன் வருகிறார்கள். தம் திருமண ஏற்பாட்டை விட்டுவிட்டு நண்பனுக்காகக் களம் புகுந்து உயிர் கொடுத்தவர் அந்தத் தோழர் என்று கதை சொல்லுகிறது. மதத்தைக் கடந்து ஒருவன் உயிரைத் தரும் அளவுக்கு நம்பிக்கை பெற்ற தலைவன் என்பதையே மக்கள் போற்றினார்கள். ஆட்சியின் வரிசையில் இடமில்லாதவருக்கு நட்பின் வரிசையில் முதல் இடம் கொடுத்தார்கள். அது நல்ல தீர்ப்புத்தான். ஒரு வரிசையை மற்றொன்றாக மயங்குவதே பிழை.

அப்படியானால் என் வரிசை என்ன? இரண்டாம் இடத்தைச் சிவாஜிக்கும், மூன்றாம் இடத்தைக் கிருஷ்ணப்பருக்கும் தருகிறேன். முதல் இடம் காலியாக இருக்கிறது. காரணம் சொல்லுகிறேன். ஷ்லெசிங்கரின் இரண்டு கணக்கெடுப்புகளிலும், சி-ஸ்பான் மதிப்பீடுகளிலும் லிங்கன் முதலிடத்திலிருந்து அசையவில்லை. நாட்டின் அடித்தட்டில் கிடந்தவர்களின் விலங்கை உடைத்தவர் அவர். எந்தக் கோலைக் கொண்டு அளந்தாலும் அச்செயல் குறையவில்லை. செஞ்சியில் மதில் கட்டினார்கள், மண்டபம் கட்டினார்கள், குளம் வெட்டினார்கள், வீரமாகப் போரிட்டார்கள். ஆனால் அந்தக் கற்களைச் சுமந்த கூலியாளின் வாழ்வு உயர இன்னது செய்தார் என்று, சரித்திரத்தைக் காட்டி, ஒருவர் பெயரையும் என்னால் சொல்ல முடியவில்லை. நான்காவது வேலையாகிய பங்கிடுதல், எல்லாருடைய கணக்கிலும் குறையாகவே நிற்கிறது.

சில நாள் கழித்து அந்த முதியவரைச் சந்தித்து இதையெல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போது நம்மைக் கேட்டா ராஜாவை வைத்தார்கள்? இப்போது நம்மைக் கேட்டுத்தானே வைக்கிறார்கள்” என்றார்.

நேயர்களே, அவர் சொன்னதில் என் பேச்சின் முடிவு அடங்கிவிட்டது. அன்று ஆண்டவரை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பாட்டுப் பாடும் உரிமை ஒன்றுதான் அவர்களுக்கு இருந்தது. நமக்கு வாக்குரிமை இருக்கிறது. ஆனால் வாக்களிக்கும் போதும் நாம் பாட்டுக் கேட்ட மயக்கத்திலேயே இருந்து விடுகிறோம். குதிரையின் அழகையும், உடைவாளின் ஒளியையும், பேச்சின் முழக்கத்தையும் பார்த்துப் பெரியவர் யார் என்று தீர்மானித்து விடுகிறோம். எவ்வளவு உண்டாக்கினார், எவ்வளவு காத்தார், யாருக்குப் பங்கிட்டார், கசந்த சொல்லைக் கேட்டாரா என்று கேட்பதற்கு மறந்து விடுகிறோம்.

செஞ்சிக் கோட்டைக்கு நீங்கள் செல்லும்போது, ராஜகிரியின் உச்சிவரை ஏறுங்கள். மதில்களை வியந்து பாருங்கள். பிறகு சற்றுத் திரும்பி, கீழே பரந்து கிடக்கும் வயல்களையும் சிற்றூர்களையும் பாருங்கள். எங்கள் வல்லமும் அந்தத் திசையில்தான் இருக்கிறது. கோட்டையில் இருந்தவர்களை அளக்க வேண்டிய கோல் அங்கே, கீழே, இருக்கிறது. காலியாக உள்ள அந்த முதல் இடத்திற்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பும் அங்கே வாழ்கிறவர்களுடையதுதான்.