உண்டும் பசித்திருக்கும் உடல்

மெலிந்த ஒருவரின் ஈரலிற் கொழுப்புப் படிந்திருக்கிறதென்று வைத்தியர் கூறினால், கேட்போர் வியப்படைவர். கொழுப்பேறிய ஈரல் பருத்த உடலினர்க்கும் மதுவருந்துவோர்க்குமே உரியதென்பது பலரது எண்ணம். ஆயின், சதையியிற் சத்திரசிகிச்சை பெற்றோரிடத்தும் இந்நிலை தோன்றுவதுண்டு.

கணையம் எனவும் வழங்கும் சதையி, இரைப்பையின் பின்னே அமைந்த உறுப்பாகும். அதன் தொழில்கள் இரண்டு. இன்சுலினைக் குருதியிற் சேர்த்தல் ஒன்று. உணவைச் சமிக்கச் செய்யும் நொதியங்களைச் சிறுகுடலிற் சொரிதல் மற்றொன்று. புற்றுநோய் முதலிய காரணங்களால் இவ்வுறுப்பின் ஒரு பகுதியையோ முழுவதையுமோ அகற்றினால், இவ்விரு தொழில்களும் குன்றலாம்.

1921ஆம் ஆண்டிலே கனடாவின் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் என்னும் இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். பின்னர், சதையி அகற்றப்பட்ட நாய்களை இன்சுலின் கொடுத்து ஆய்வாளர் வளர்த்தனர். நீரிழிவு அடங்கியும், அவற்றின் ஈரல்களிற் கொழுப்பு நிறைந்தது. பச்சைச் சதையியை உணவுடன் ஊட்டியபோது அக்கேடு தணிந்தது. இன்சுலின் மட்டும் போதாதென்பது இதனால் விளங்கிற்று.

காரணம் யாது? ஈரல் தன்னிடமுள்ள கொழுப்பை வெளியே அனுப்புதற்குப் புரதமும் கோலின் என்னும் பொருளும் வேண்டும். நொதியக் குறைவால் உணவிலுள்ள சத்துகள் உடலிற் சேராதபோது, கொழுப்பு ஈரலிலேயே தங்கிவிடுகிறது.

இக்குறைவை அறிவிக்கும் அடையாளங்கள் சில உள. மலம் வெளிறி, எண்ணெய்ப்பசையுடன், மிகுந்த நாற்றம் வீசும், வயிறு ஊதும், நன்றாக உண்டும் உடல் மெலியும். இவற்றைச் சொல்ல நாணிப் பலர் மறைத்துவிடுகின்றனர். வேறு சிலர், தேங்காய்ப்பாலையும் மீனையும் தாமாகவே விலக்கி மேலும் மெலிகின்றனர். உணவைக் குறைப்பது பரிகாரமன்று. குறைந்த நொதியத்தை ஈடுசெய்வதே பரிகாரம்.

அதற்குரிய குளிகைகள் உண்டு. அவற்றை வெறுவயிற்றில் விழுங்கினாற் பயன் குன்றும். முதற்கவளத்துடன் ஒரு பங்கும், உணவின் நடுவே எஞ்சியதுமாக, குளிர்ந்த நீருடன் கொள்ளல் வேண்டும், மெல்லுதல் கூடாது. எத்தனை குளிகை வேண்டுமென்பதை வைத்தியரே வகுப்பார். அவை பொதுவாகப் பன்றியின் சதையியிலிருந்து எடுக்கப்படுவன. சமய ஒழுக்கம் பற்றித் தயக்கமுடையோர், குளிகையைக் கைவிடுமுன் வைத்தியரிடம் மனந்திறந்து பேசுவார்களாக. ஏ, டி, ஈ, கே ஆகிய உயிர்ச்சத்துகளின் குறைவையும் அவர் சோதித்தறிவார்.

சத்திரசிகிச்சை நோயை அகற்றலாம். உண்ட சோறு உடலிற் சேர்ந்தாலன்றி நலம் முழுமை பெறாது. ஆதலின் நேயர்களே, உங்கள் இல்லத்தில் அத்தகையோர் இருப்பின், உண்டபின் உடல் தேறுகிறதா என்று அன்புடன் வினவுங்கள்.