பல்லுக்கு ஒரு கேப்
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கல்லூரியில் நான் படித்தது பி.யு.சி. ஒரே வருடம். அதற்குப் பிறகு பல் மருத்துவம் படிக்கப் போய்விட்டேன். செயலாளர் என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "ஏதாவது உபயோகமா பேசுப்பா"ன்னு ஒரு நிபந்தனை போட்டார். காலையிலிருந்து இங்கே பார்த்த நண்பர்களில் பாதிப்பேர் வாயைத் திறந்து காட்டி, "இதுக்கு கேப் போடணுமாடா?" என்றுதான் கேட்டார்கள். ஆக, விஷயம் தானாகவே கிடைத்துவிட்டது.

கேப் என்பது பல்லைச் சுற்றி முழுசாக மூடுகிற கவசம். முக்கியமாக ரூட் கனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குப் போடுகிறோம். 'நரம்பு எடுத்த பல் காய்ந்த குச்சி மாதிரி ஆயிடும்' என்று ஒரு பேச்சு உண்டு. அது முழு உண்மை இல்லை. சொத்தை அரித்தது போக, உள்ளே வழி செய்ய நாங்கள் எடுத்தது போக, மிச்சம் நிற்பது மெல்லிய சுவர்கள்தான். முறுக்கை அழுத்திக் கடித்தால் அந்தச் சுவர் பிளக்கும். வேர் வரைக்கும் பிளந்துவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அதைத் தடுக்கத்தான் கேப். ஆனால் முன்பல்லில் ரூட் கனால் செய்து, பல் பெரும்பாலும் முழுசாக இருந்தால், அடைத்தாலே பல சமயம் போதும். ஈறுக்கு மேலே 2 மில்லிமீட்டராவது நல்ல பல் சுற்றிலும் மிச்சமில்லை என்றால், எவ்வளவு விலை உயர்ந்த கேப்பும் நிலைப்பது கஷ்டம். அஸ்திவாரம் இல்லாத இடத்தில் மாடி கட்டுகிற கதைதான்.

"எந்த கேப் டாக்டர்?" என்பது அடுத்த கேள்வி. நான் படித்த காலத்தில் தங்கம் ராஜா. நகைக்கடைத் தங்கம் இல்லை. செம்பு, வெள்ளி, பலேடியம் எல்லாம் கலந்த உலோகம். எதிர்ப் பல்லைத் தேய்க்காது, வருஷக்கணக்கில் உழைக்கும். இதை வார்க்கிற முறையை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மெழுகில் உரு செய்து, அச்சு மூடி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலை ஸ்தபதிகள் தலைமுறை தலைமுறையாகச் செய்கிற அதே வேலை. அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் டாகர்ட் 1907-ல் இதைத் தங்க அடைப்புக்குப் பயன்படுத்திக் காட்டினார். பரீட்சையில் அவர் பெயரை எழுதும்போதெல்லாம் எனக்கு சுவாமிமலை ஞாபகம்தான் வரும்.

தங்கத்துக்கு வசதியில்லாதவர்களுக்கு நிக்கல், குரோமியம் கலந்த உலோக கேப். உறுதி, விலை குறைவு. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. கவரிங் நகை போட்டால் அரிக்கும் என்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே உலோகம், மேலே பீங்கான் என்பது அடுத்த வகை. பார்க்க நன்றாக இருக்கும். நாளானால் ஈறு ஓரத்தில் கறுப்புக் கோடு தெரியலாம், பீங்கான் சில்லுப் போகலாம். இப்போது ஜிர்கோனியா வந்துவிட்டது. வெள்ளை, நல்ல உறுதி, கடைவாய்ப் பல்லுக்குப் பொருத்தம். முன்பல்லுக்கு லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடிப் பீங்கான் அழகு. வெளிச்சம் ஊடுருவுவதால் சொந்தப் பல் மாதிரியே இருக்கும்.

குழந்தைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேப். அளவு வாரியாக ரெடிமேடாகக் கிடைக்கும், ஒரே தடவையில் மாட்டிவிடலாம். "விழப்போற பால்பல்லுக்கு எதுக்கு சார் செலவு?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். பின்னால் இருக்கிற பால் கடைவாய்ப் பல் 10, 12 வயது வரைக்கும் இருக்க வேண்டியது சார். முன்னாடியே போனால் பக்கத்துப் பல் சாய்ந்து, வரப்போகிற பல்லின் இடத்தை அடைத்துவிடும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். இங்கே இருக்கிற இளவட்டங்கள் கொஞ்சம் கவனியுங்கள்.

1986-ல் ஒரு பெரியவர் தன் மகளை அழைத்து வந்தார். முன்பல் இரண்டு லேசாகத் தூக்கல். மூன்று வாரத்தில் கல்யாணம். "எப்படியாவது சரி பண்ணிக் கொடுங்க தம்பி" என்றார். கிளிப் போட்டால் ஒன்றரை வருஷமாவது ஆகும். நான் நான்கு பல்லைச் சுற்றிலும் சீவி, பீங்கான் கேப் போட்டேன். எல்லாருக்கும் சந்தோஷம். கல்யாணத்தில் எனக்கு முதல் பந்தி மரியாதை.

1995-ல் அந்தப் பெண் கையில் குழந்தையோடு வந்தார். ஒரு பல்லின் வேரில் சீழ். முன்பல் எனாமலின் தடிமனே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான். நான் சீவியது அதைத் தாண்டி. ரூட் கனால் செய்தேன். அடுத்த வருஷம் அந்தப் பல் ஈறோடு ஒடிந்தது. அந்த அம்மா என்னைக் கோபிக்கவில்லை. "பல்லுல முதல்ல என்ன நோய் டாக்டர் இருந்தது?" என்று மட்டும் கேட்டார். ஒரு நோயும் இல்லை. நாலும் நல்ல பல். சீவின எனாமல் திரும்ப வளராது என்பது எனக்குத் தெரியும். அவருக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நோயில்லாத பல்லைக் கல்யாணத்துக்காக நான் சீவியதில்லை. வேறு டாக்டரிடம் போய்விட்டவர்கள் உண்டு. போகட்டும். இன்றைக்குச் சிரிப்பை அழகாக்குகிறோம் என்று விளம்பரம் நிறைய. யாராவது உங்கள் பல்லைச் சீவ வந்தால், எவ்வளவு சீவுவீர்கள், சீவாமல் கிளிப்பிலே சரியாகாதா என்று கேளுங்கள். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று பயப்படாதீர்கள்.

இன்னொன்று. கேப் போட்டாச்சு, இனி சொத்தை வராது என்று நினைக்கிறவர்கள் அதிகம். கேப்பும் ஈறும் சேருகிற ஓரத்தில் பிரஷ் படாவிட்டால் உள்ளே அரிக்கும். வலிக்காது, ஏனென்றால் நரம்பு எடுத்தாச்சு. ஒருநாள் கேப் கையோடு வந்துவிடும்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். சாப்பாட்டில் தேங்காய் பர்பி இருக்கிறதாம். தற்காலிக கேப்போடு இருக்கும் நண்பர் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மட்டும் மறுபக்கம் வைத்து மெல்லவும்.