காரைக்கால் பாட்டனாரும் பிரெஞ்சுக் குடியுரிமையும்

காரைக்காலில் பிறந்த பாட்டனார் ஒருவர் இருந்தால் பேரனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வந்துவிடும் என்ற பேச்சு கும்பகோணம் முதல் நாகூர் வரை பல வீடுகளில் நெடுங்காலமாக உலவுகிறது. அதை நம்பித் தரகரிடம் முன்பணம் கொடுப்போரும் உண்டு. 1739இல் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1954 நவம்பர் 1 வரை அவர்கள் நிர்வாகத்தில் இருந்த காரைக்காலைப் பழைய தஞ்சை மாவட்டம் சூழ்ந்திருந்தது. கொள்வினை கொடுப்பினை எல்லைக்கோட்டைப் பார்த்து நடக்கவில்லை. ஆகவே இக்கேள்வி டெல்டாவின் உட்பகுதிக் குடும்பங்களையும் தொடுகிறது.

பிரெஞ்சுச் சட்டம் வம்சாவளிக் குடியுரிமையை, அதாவது பிறந்த மண்ணைப் பாராமல் பெற்றோரைக் கொண்டு அமையும் குடியுரிமையை ஏற்கிறது என்றாலும், அதில் பாட்டனார் என்ற உறவுக்கு நேரடி மதிப்பு இல்லை. அவரிடமிருந்து மகனுக்கும் மகனிடமிருந்து பேரனுக்கும் அது இடையில் அறாமல் இறங்கியிருக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்களில் அது அறுந்த இடம் ஒன்றே. 1956 மே 28இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கை, பிரெஞ்சுப் பகுதிகளில் பிறந்து அங்கேயோ இந்தியாவின் பிற ஊர்களிலோ குடியிருந்த பிரெஞ்சுக் குடிமக்களை இந்தியக் குடிமக்களாக்கியது; பழைய குடியுரிமையே வேண்டும் என்போர் ஆறு மாதத்துக்குள் அதை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. 'ஒப்சியோன்' எனப்பட்ட இந்தத் தெரிவைச் செய்தவர்கள் ஏறத்தாழ 5,000 பேர் மட்டுமே. தந்தையின் தெரிவு பதினெட்டு வயதுக்குட்பட்ட மணமாகாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தியதால், 1963 பிப்ரவரிக்குள் அப்படியொரு தாள் எழுதப்பட்டதா என்பதே இன்றைய பேரன் முதலில் தேட வேண்டிய விவரம். அப்போது சைகோன் முதலிய வெளிநாட்டு ஊர்களில் குடியிருந்தவர்களோ எதையும் எழுதாமலே பிரெஞ்சுக் குடிமக்களாக நீடித்தனர்.

உடன்படிக்கை ஒரு வகையினரைக் கண்டுகொள்ளவே இல்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்லும் வழக்கத்தால், காரைக்கால் தந்தைக்கு நன்னிலத்திலோ மாயவரத்திலோ பிறந்த பிள்ளைகள் உண்டு. விதிகள் 'அப்பகுதியில் பிறந்தவர்' என்றே பேசுவதால் இவர்கள் அவற்றுக்குள் அடங்கவில்லை, எனவே குடியுரிமையை இழக்கவும் இல்லை என்பது பிரெஞ்சுத் தரப்பு கொண்ட பொருள். தாய்மாமன் வீட்டுத் திண்ணை ஒருவரைப் பிரெஞ்சுக் குடிமகனாகவே வைத்திருந்தது என்பது சட்டத்தின் விநோதங்களுள் ஒன்று. ஆயினும் அந்த வழியும் இன்று குறுகிவிட்டது. ஒரு குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்து, கோருபவரோ அவருக்குக் குடியுரிமையைத் தரக்கூடிய தாய் தந்தையரோ பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, தூதரகப் பதிவு, வாக்களிப்பு போன்றவற்றால் பிரெஞ்சுக் குடிமக்களாக நடந்தும் நடத்தப்பட்டும் வரவில்லையெனில், வம்சாவளியை நிரூபிக்கவே பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் 30-3ஆம் பிரிவு இடம் தருவதில்லை. 1962இலிருந்து எண்ணினால் அந்த ஐம்பது ஆண்டு 2012இல் முடிந்துவிட்டது.

இத்தடையைத் தாண்டுவோருக்கு ஆவணமே வழக்கு. 'எத்தா சிவில்' எனப்படும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் காரைக்கால், திருநள்ளாறு, நெடுங்காடு முதலிய கொம்யூன்களில் எழுதப்பட்டன; அவற்றின் நகல்களோடு இந்தியச் சான்றுகள் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பதிவேட்டில் குடும்பப் பெயராக நிற்கும் சொல் பள்ளிச் சான்றிதழில் ஓரெழுத்துத் தலைப்பெழுத்தாகச் சுருங்கியிருப்பதும், கோயிலில் நடந்த திருமணம் பதிவாகாமலே போனதும், பிறப்பைப் பல ஆண்டு கழித்துக் கோட்டாட்சியர் ஆணையால் பதிந்திருப்பதும் வினாக்களை எழுப்புகின்றன. பெற்றோர்–பிள்ளை உறவு பிள்ளை வயதுக்கு வருவதற்குள் சட்டப்படி நிலைநாட்டப்பட்டிருந்தால்தான் குடியுரிமை விஷயத்தில் அதற்குப் பயன் உண்டு என்பதால், காலம் கடந்த திருத்தம் பெரும்பாலும் உதவாது. இறுதியான குடியுரிமைச் சான்றிதழைத் தருவது துணைத் தூதரகம் அன்று, நீதிமன்றம். வெளிநாட்டில் இருப்போருக்கு அது பாரிஸ் நீதிமன்றம்.

கிடைத்தபின் இழப்பதையும் கணக்கிட வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை; அயல்நாட்டுக் கடவுச்சீட்டைப் பெறுவதையே, இந்தியக் குடியுரிமையை விருப்பப்படி துறந்ததற்கான முடிந்த சான்றாக நம் விதிகள் கொள்கின்றன. அதன்பின் பெறக்கூடிய ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் என்ற பதிவு, பெயரளவில்தான் குடியுரிமை. வாழ்நாள் விசாவைத் தருமே தவிர வாக்குரிமையைத் தராது. நஞ்சையை நம்பி வாழும் குடும்பங்கள் அதிகம் கவனிக்க வேண்டியது நிலத்தைத்தான். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர் வீடோ மனையோ வாங்கலாம், விளைநிலத்தை விலைக்கு வாங்க முடியாது. இந்தியாவில் வசித்த தந்தையின் நஞ்சை வாரிசுரிமையாக வந்தால் வைத்துக்கொள்ளத் தடையில்லை. அதை விற்க நேர்ந்தால் இந்தியாவில் வசிப்பவருக்கே விற்க வேண்டும், பிரான்சில் இருக்கும் அண்ணனுக்கு விற்க இயலாது.