பெயர் மாறியிருந்த மீன்



நாம் பட்டத்திற்கு வரலாறு பயின்றோம்; விலங்கியல் நமது துறையன்று. ஆயினும், நம் இளைஞர்க்குச் சொல்லத்தக்கது எனத் தோன்றிய ஒரு சிறு மீனின் கதையை இம்மேடையில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

மாலத்தீவுக் கடலில், பவளப்பாறைகளையொட்டி, 40 முதல் 70 மீட்டர் ஆழத்தில் வாழ்வது அம்மீன். ஒரு சாண் நீளமும் இராது. 1990-களிலேயே ஆய்வாளர் அதனைப் பிடித்துப் பார்த்தனர். பார்த்ததும் பெயரும் கிடைத்துவிட்டது; ஆனால் அது வேறொரு மீனின் பெயர்! தெற்கே 1000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சாகோஸ் தீவுகளில் கிடைத்த ஒரே ஒரு குஞ்சினைக் கொண்டு 1983-இல் ஓர் இனம் விவரிக்கப்பட்டிருந்தது. அக்குஞ்சின் வளர்ந்த வடிவமே மாலத்தீவு மீன் என்று கொண்டனர். நெடுங்காலம் அக்கருத்தே நிலவிற்று.

இம்மயக்கம் எங்ஙனம் நேர்ந்தது? இவ்வகை மீன்களில் குஞ்சுக்கு ஒரு நிறம், வளர்ந்த ஆணுக்கு வேறொரு நிறம். பெண்ணாய் வாழ்ந்தது பின்னர் ஆணாய் மாறுவதும் உண்டு. போதாக்குறைக்கு, கதிரவன் ஒளியிலுள்ள சிவப்பினைக் கடல்நீர் முதலில் விழுங்கிவிடுகின்றது. மூழ்கிச் செல்பவர் கையில் விளக்கில்லையேல் செந்நிற மீனும் சாம்பல் பூத்ததாகவே தோன்றும். கண்ணால் காண்பதும் பொய் என்று நம் முன்னோர் சொன்னது கடலடியில் நூற்றுக்கு நூறு பொருந்தும்.

ஆகவே அளந்தறிவதே வழியாயிற்று. இக்குடும்பத்தில் இதன் நெருங்கிய உறவு மீன்கள் அனைத்திற்கும் முதுகுத் துடுப்பில் முட்கள் 11. அவ்வெண்ணிக்கையால் ஒன்றினின்று ஒன்றைப் பிரித்தறிய இயலாது. எனவே ஒவ்வொரு முள்ளின் உயரத்தையும் அளந்தனர். உடலின் பல பகுதிகளிலும் செதில்களை எண்ணினர். ஆண்மீனின் நிறங்களை ஒப்பிட்டனர், மரபணுவையும் சோதித்தனர். இது வேறு இனமே என்பது ஐயமற விளங்கிற்று. கணக்குத் தாளில் 'ஏறத்தாழ' என்று எழுதிவிட்டு ஆசிரியர் முகத்தைப் பார்க்கும் மாணவர்கள் அச்செதில்களைச் சற்றே நினைவிற் கொள்க!

2022 மார்ச்சுத் திங்களில் 'ஸூகீஸ்' என்னும் ஆய்விதழில் அம்முடிவு வெளியாயிற்று. அதனை எழுதியோருள் ஒருவர் மாலத்தீவுக் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அகமது நஜீப் அவர்கள். அதுகாறும் அந்நாட்டுக் கடலின் மீன்களை உலகிற்கு விவரித்தவர்கள் வெளிநாட்டாரே. மாலத்தீவைச் சார்ந்த ஆய்வாளர் ஒருவர் தம் நாட்டு மீனொன்றைப் புதிய இனமென விவரித்தது அதுவே முதன்முறை. நம்மைப் பற்றிப் பிறர் எழுதியதையே நெடுங்காலம் படித்து வளர்ந்தவர்கள் நாம். ஆதலின் இச்செய்தி நம் நெஞ்சில் ஆழப் பதிந்தது. பெயரும் அம்மக்களின் திவேஹி மொழியிலிருந்தே எடுக்கப்பட்டது: 'ஃபினிஃபென்மா', அதாவது ரோஜா. அதுவே அந்நாட்டின் தேசிய மலர். மீனின் இளஞ்சிவப்பு நிறத்திற்கும் ஏற்றது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தனக்கென ஒரு பெயர் வருமுன்பே இம்மீன் அலங்கார மீன் வணிகத்தில் விலைபோய்க்கொண்டிருந்தது. பிடிபட்டது எத்தனை, எஞ்சியது எத்தனை என்று கேட்பாரில்லை. கேட்டிருந்தாலும், அது சாகோஸ் மீனின் கணக்கிலேயே சேர்ந்திருக்கும்.