பார்த்தால் வராது, செய்தால் வரும்

வேலை தேடும் பிள்ளைகள் பலர் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டர் நிரல் எழுதப் பழகுகிறார்கள். நல்ல காரியம். பெரிய செலவும் இல்லை. நெதர்லாந்துக்காரர் கைடோ வான் ராசம் 1991இல் வெளியிட்ட பைத்தான் என்ற நிரல் மொழி இன்றும் எல்லோருக்கும் இலவசம்.

ஆனால் ஒன்று. வீடியோ பார்த்தால் மட்டும் நிரல் வராது. எழுதினால்தான் வரும்.

சைக்கிள் பழகியதை நினைத்துப் பாருங்கள். அடுத்தவர் ஓட்டுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தா பழகினோம்? குரங்குப் பெடல் போட்டோம். விழுந்தோம். முழங்கால் சிராய்த்தது. மறுபடி ஏறினோம்.

நிரலும் அப்படித்தான். பிழை வரும். பயப்படாதீர்கள். பைத்தானில் பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன தவறு என்று அங்கே இருக்கும். எந்த இடத்தில் என்பது அதற்கு மேலே இருக்கும்.

பிறகு, தெரிந்த ஒரு சின்ன வேலையை எடுங்கள். தெருமுனை மளிகைக்கடையின் கடன் நோட்டு. யார் எவ்வளவு வாங்கினார்? எவ்வளவு கொடுத்தார்? பாக்கி எவ்வளவு? இதைக் கணக்குப் பார்க்க ஒரு நிரல் எழுதுங்கள். பாதியில் விடாதீர்கள். முடித்து, அந்தக் கடைக்கார அண்ணாச்சியிடமே கொடுங்கள். அவர் சொல்லும் குறையைத் திருத்துங்கள்.

நேர்முகத் தேர்வில் "என்ன தெரியும்?" என்பார்கள். "இதை நான் செய்தேன்" என்று காட்டுங்கள். ஒன்றை முடித்தவர் பேச்சில் தனித் தெளிவு இருக்கும்.

இன்றைக்கே பத்து வரி எழுதுங்கள். பார்த்தால் வராது. செய்தால் வரும்.