தபாலில் படித்து நேர்ஸ் ஆகலாமா?

(மலையகத்திலிருந்து திருகோணமலைக்குச் சுற்றுலா வந்திருந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும், அங்கு பல வருடங்கள் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



காலையில் கோணேசர் கோயிலுக்குப் போய், கடலையும் துறைமுகத்தையும் பார்த்துவிட்டுக் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நான் நீட்டப்போவதில்லை. நானும் லயத்தில் பிறந்தவள்தான். 1977 கலவரத்துக்குப் பிறகு எங்கள் குடும்பம் மலையை விட்டு இந்தப் பக்கம் வந்து குடியேறியது. இங்கே படித்துத்தான் தாதியானேன்.

சற்று முன்பு ஒரு அம்மா என் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தார். "மிஸ்ஸி, மக வீட்டுல இருந்தே நேர்ஸ் டிகிரி எடுக்கலாம்னு போட்டிருக்கு. எனக்கு சேமலாபக் காசு வரப்போகுது. அதக் கட்டிடவா?" என்று கேட்டார். முப்பது வருஷம் மலையில் கொழுந்து எடுத்த காசு அது. ஆகவே அவருக்குச் சொல்லும் பதிலையே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

முதலில் நான் ஒன்று கேட்கிறேன். கொழுந்து பறிப்பதைத் தபாலில் படிக்க முடியுமா? இரண்டு இலை, ஒரு மொட்டு என்று புத்தகத்தில் எழுதலாம். படம் போட்டும் காட்டலாம். ஆனால் முதல் நாள் மலைக்குப் போகும் பிள்ளைக்குப் பக்கத்து நிரையில் நிற்கும் அக்காதானே விரலைப் பிடித்துக் காட்டுகிறாள்? தாதித் தொழிலும் அப்படித்தான். நோயைப் பற்றிப் படிக்கலாம், மருந்தின் பெயரைப் படிக்கலாம். ஊசி ஏற்றுவதும் காயத்துக்கு மருந்து கட்டுவதும் வார்ட்டில் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தினால்தான் கைக்கு வரும்.

என் கதையையே சொல்கிறேன். பயிற்சியின் கடைசியில் செய்முறைப் பரீட்சை. எழுத்துப் பரீட்சையில் எனக்கு நல்ல புள்ளி. காயத்துக்கு மருந்து கட்டச் சொன்னார்கள். எல்லாம் ஒழுங்காக எடுத்து வைத்தேன். நடுவில் நோயாளியின் போர்வையைச் சரிசெய்துவிட்டு, அதே கையால் கிருமி நீக்கிய தட்டைத் தொட்டுவிட்டேன். பரீட்சகர் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார். அன்று இரவு முழுக்க அழுதேன். இப்போது நினைத்தால் அவர் செய்தது சரி. அந்தக் கையால் காயம் சீழ் பிடித்திருந்தால் அழுதிருக்கப்போவது அந்த நோயாளியின் பிள்ளைகள். மறு தடவை தேறினேன். அதற்கு முன் எத்தனையோ நாள் வார்ட்டில் ஒரு மூத்த தாதி என் பக்கத்தில் நின்று கையைத் திருத்தினார். வீட்டில் இருந்து மட்டும் படித்திருந்தால் என்னை யார் திருத்தியிருப்பார்?

"அப்படியென்றால் தபால் வழி நேர்ஸ் டிகிரி என்பதே பொய்யா?" என்று கேட்பீர்கள். பொய் இல்லை. நமது இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980-இல் தொடங்கியது. 1994-இல் கனடாவின் அத்தபாஸ்கா பல்கலைக்கழகத்தின் துணையோடு தாதியியல் பட்டப்படிப்பை ஆரம்பித்தது. நானும் அதில் படித்தவள்தான். இரவு டியூட்டி முடித்து, விடிந்ததும் புத்தகத்தைத் திறப்பேன். ஒப்படைகளில் போதிய புள்ளி இருந்தால்தான் இறுதிப் பரீட்சைக்கே உட்கார விடுவார்கள். கந்தளாய், ஹபரணை என்று செக்பொயின்ற்களில் இறங்கி ஏறி பஸ்ஸில் கொழும்புக்குப் போவேன். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் படிப்பு ஏற்கெனவே பயிற்சி முடித்துப் பதிவுபெற்ற தாதிகளுக்காக ஏற்பட்டது. அது என்னை நேர்ஸ் ஆக்கவில்லை. நேர்ஸாக இருந்த என்னைப் பட்டதாரி ஆக்கியது. இந்த வித்தியாசத்தைத்தான் பல துண்டுப்பிரசுரங்கள் சொல்வதில்லை.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்தில் 1971-இல் தொடங்கி, பின்பு எக்ஸெல்சியர் என்று பெயர் மாறிய ஒரு நிறுவனம் இருக்கிறது. அங்கே பாடத்தை வீட்டில் படித்துவிட்டு, பல வருட காலம், கடைசியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய் இரண்டரை நாள் செய்முறைப் பரீட்சை எழுதினார்கள். முதலில் ஊசி, சேலைன், காயம் கட்டுவது. பிறகு உண்மையான நோயாளிகள், அதில் குழந்தையும் உண்டு. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உதவித் தாதியாகவோ அம்புலன்ஸ் ஊழியராகவோ கை பழகியவர்கள். அப்படியும் அந்த இரண்டரை நாளில் தடுமாறியவர்கள் இருந்தார்கள். இன்னொன்றும் கேளுங்கள். 2003 டிசம்பர் 6-ஆம் திகதியிலிருந்து அதில் சேர்ந்தவர்களுக்குக் கலிபோர்னியா மாநிலம் தாதி உரிமம் தர மறுத்தது. பாடம் நடக்கும் காலத்திலேயே வார்ட் பயிற்சியும் நடந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பட்டம் கையில் இருக்கும், வேலை செய்ய உரிமம் இருக்காது. பட்டம் வேறு, உரிமம் வேறு என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே ஒரு சதம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இந்தப் படிப்பை முடித்தால் இலங்கையில் தாதியாகப் பதிவு செய்ய முடியுமா? விளம்பரம் செய்கிறவரிடம் மட்டும் கேட்காதீர்கள். பதிவு செய்கிற இடத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு: வார்ட் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எத்தனை மாதம், யார் மேற்பார்வையில்? "பிறகு சொல்றோம்" என்றால் வணக்கம் சொல்லிவிட்டு எழும்பி வாருங்கள்.

மூன்று: செய்முறைப் பரீட்சையில் தவறினால் மறுபடி எத்தனை தடவை எழுதலாம், அதற்கு எவ்வளவு காசு? ஒரு தடவை தவறினாலும் தாங்குவதற்குக் கையில் காசும் மனதில் தைரியமும் இருக்கிறதா என்று உங்களையே கேளுங்கள்.

சரி, வழிதான் என்ன? ஏற்கெனவே தாதியாக வேலை செய்யும் பிள்ளைக்குத் தொலைக்கல்விப் பட்டம் நல்ல வழி. ஆங்கிலத்தில் வாசித்து எழுதப் பழகியிருக்க வேண்டும், தனியே உட்கார்ந்து படிக்கும் குணம் வேண்டும். புதிதாக நேர்ஸ் ஆக விரும்பும் பிள்ளைக்கு அரசாங்கத் தாதியர் பயிற்சிக் கல்லூரிதான் நேர் வழி. மூன்று வருடம், பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் கண்டியிலும் பதுளையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடம் எடுத்தவர்களைத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். வயதெல்லையும் உண்டு. வர்த்தமானியில் வரும் நிபந்தனைகளை ஒவ்வொரு தடவையும் வாசியுங்கள். பல தோட்டப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான வகுப்பு இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், சேர்த்த காசை அந்தப் பிள்ளை டவுன் பாடசாலைக்குப் போய்வரவும் விஞ்ஞான டியூஷனுக்கும் செலவழியுங்கள். உயர்தரம் கிடைக்காத பிள்ளைக்குப் பராமரிப்பாளர் பயிற்சி இருக்கிறது. அரசாங்க அங்கீகாரமுள்ள தொழிற்தகைமைச் சான்றிதழாகப் பார்த்து எடுங்கள். மரியாதையான தொழில் அது. ஆனால் அதை நேர்ஸ் என்று சொல்லி விற்கிறவரை நம்பாதீர்கள்.

அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டேன்: "மகள் என்ன படிக்கிறாள்?" "சாதாரண தரம் எழுதி முடிச்சிருக்கா மிஸ்ஸி. விஞ்ஞானத்துல நல்ல புள்ளி." அம்மா, அந்தப் பிள்ளைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. துண்டுப்பிரசுரத்தை மடித்து வையுங்கள். காசை வங்கியில் போடுங்கள். வீட்டுக்குப் போனதும் உயர்தர விஞ்ஞான வகுப்புள்ள பாடசாலை எது என்று தேடுங்கள். மூன்று வருஷம் வார்ட்டில் நின்று பழகிய கையோடு உங்கள் மகள் திரும்பி வரட்டும். பட்டத்தைப் பிறகு தபாலிலேயே எடுக்கட்டும், நானே புத்தகம் தருகிறேன்.