சாமந்திக்கு இரவு விளக்கு: கரண்டுப் பெட்டியைப் பார்த்து வாங்குங்கள்

(உழவர் நிகழ்ச்சி உரை)



அனந்தபுரம், செஞ்சி, விக்கிரவாண்டி, திண்டிவனம் வட்டாரங்களில் நெல், கரும்பு, மல்லாட்டை, உளுந்து இவைதான் பெரும்பாலும் நமது பயிர்கள். கிணற்றில் தண்ணீர் உள்ளவர்கள் கொஞ்ச நிலத்தில் பூச்செடியும் வைத்துப் பார்க்கிறார்கள். ஓசூரிலும் நீலகிரியிலும் பசுமைக் குடில்களில் இரவில் விளக்குப் போட்டுச் சாமந்தி வளர்ப்பது பல வருஷப் பழக்கம். கர்நாடகத்தில் கோலார், சிக்கபள்ளாபூர் பக்கம் திறந்த வயலிலேயே எல்.இ.டி. பல்புகளைத் தொங்கவிடுகிறார்கள். "நாமே எல்.இ.டி. விளக்குச் செய்து மாட்டினால் என்ன?" என்று கேட்கும் விவசாயிகளுக்காக இன்றைய உரை.

செய்யலாம். ஆனால் விளக்கைவிட, அதற்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியைத்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும். எல்.இ.டி. சுலபத்தில் கெடாது. முதலில் கெடுவது பெட்டி. அடுத்தது ஒயர் இணைப்பு.

இரவில் விளக்கு எதற்கு?

செடி பூப்பதற்கும் இரவின் நீளத்துக்கும் சம்பந்தம் உண்டு என்பதை 1920ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். சாமந்தி, நீண்ட இரவு கிடைத்தால் மொட்டு வைக்கும் செடி. நம் பகுதியில் டிசம்பர் மாதம் பகல் சுமார் பதினொன்றரை மணி நேரம்தான். அப்போது நட்ட இளஞ்செடி, ஒரு முழம் வளர்வதற்குள் மொட்டு வைத்துவிடும். கிளையும் குறைவு, பூவும் குறைவு.

இதைத் தடுக்க நடு இரவில், பத்து மணி முதல் இரண்டு மணி வரை விளக்குப் போடுகிறார்கள். நீண்ட இரவு இரண்டு துண்டாகிவிடுவதால் செடி மொட்டு வைக்காமல் வளர்ந்துகொண்டே போகும். வேண்டிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்தினால் மொட்டு வரும். எல்லா ரகமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. ஆகவே முதல் வருஷம் இரண்டு பாத்தியில் மட்டும் செய்து பாருங்கள்.

கத்தரி, மிளகாய் நாற்றுக்கு விளக்கு வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். நமக்கு வெயில் சும்மா கிடைக்கிறது. அந்த வெயிலுக்கு ஈடாக விளக்குப் போட்டால் கரண்டுச் செலவு கட்டுப்படியாகாது. சாமந்திக்கு வேண்டியது, "இன்னும் விடியவில்லை" என்று செடி நினைக்காத அளவுக்கு லேசான வெளிச்சம்தான்.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெட்டி கெட்டுப்போய்ச் சில இரவுகள் தொடர்ந்து விளக்கு எரியாவிட்டால், குட்டைச் செடியிலேயே மொட்டு வந்துவிடும். பிறகு விளக்கைப் போட்டும் பயனில்லை. போட்ட உரமும் கூலியும் போனதுதான்.

பெட்டியில் இரண்டு வகை

கடையில் "எல்.இ.டி.க்குப் பெட்டி கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். இரண்டு வகை இருக்கிறது.

முதல் வகை, வோல்ட் மாறாமல் கொடுப்பது. 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் என்று எழுதியிருக்கும். எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்வார்கள். சுருளாக விற்கும் எல்.இ.டி. ஸ்ட்ரிப்புக்கு இதுதான் பொருத்தம். ஸ்ட்ரிப்புக்குள்ளேயே கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் இருக்கிறது.

இரண்டாவது வகை, ஆம்பியர் மாறாமல் கொடுப்பது. இதற்கு டிரைவர் என்று பெயர். தனித்தனி ஒரு வாட் எல்.இ.டி. மணிகளை வரிசையாகக் கோத்தால் இந்த வகைதான் வேண்டும். ஏன் தெரியுமா? மணி சூடேற ஏற, அது கேட்கும் வோல்ட் குறையும். வோல்ட்டை மாற்றாமல் கொடுத்தால் கரண்டு ஏறும். கரண்டு ஏறினால் சூடு இன்னும் ஏறும். கடைசியில் மணி கருகும். டிரைவர், கரண்டை ஏறவிடாமல் பிடித்து நிறுத்தும்.

கணக்கும் சுலபம்தான். வெள்ளை மணி ஒன்றுக்குச் சுமார் 3 வோல்ட். பத்து மணியை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் சுமார் 30 வோல்ட். டிரைவரின் மேல் எழுதியுள்ள வோல்ட் அளவுக்குள் இந்த 30 அடங்க வேண்டும். ஆம்பியர் 300 மில்லி ஆம்பியர் இருந்தால் ஒரு வாட் மணிக்குச் சரி. ஒரே டிரைவரில் இரண்டு வரிசையைப் பக்கம் பக்கமாகச் சேர்க்காதீர்கள். ஒரு வரிசை அறுந்தால் அதன் கரண்டும் மற்ற வரிசையில் பாய்ந்து அதையும் எரித்துவிடும். மணிகளை முதலில் இணைத்துவிட்டுப் பிறகுதான் டிரைவருக்குக் கரண்டு கொடுக்க வேண்டும். எரியும் டிரைவரில் மணியைத் தொடுத்தால் அந்த நொடியிலேயே மணி போய்விடும்.

வயலுக்கு எது நல்லது? 24 வோல்ட் ஸ்ட்ரிப்தான் சௌகரியம். செய்வது சுலபம். மழை ஈரத்தில் கைபட்டாலும் 230 வோல்ட் போல ஆளை அடிக்காது.

எத்தனை வாட் பெட்டி?

உதாரணத்துக்கு, நூறு அடி நீளமுள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்வோம். பத்தடிக்கு ஒன்று வீதம் பத்து விளக்கு. மீட்டருக்கு 14.4 வாட் ஸ்ட்ரிப்பில் இரண்டடி வெட்டினால் சுமார் 9 வாட் விளக்கு ஒன்று கிடைக்கும். கத்தரிக்கோல் குறி போட்ட இடத்தில் மட்டும் வெட்டுங்கள். அலுமினியச் சட்டத்தில் ஒட்டினால் சூடு இறங்கும். சிலிக்கான் உறை போட்ட ஸ்ட்ரிப்பையே வாங்குங்கள்.

பத்து விளக்குக்கு 90 வாட். அதற்காக 90 வாட் பெட்டியை வாங்கிவிடக் கூடாது. நூறு மூட்டை ஏற்றும் வண்டியில் எண்பது மூட்டை ஏற்றினால் அச்சு தாங்கும் இல்லையா? அதேபோலப் பெட்டியின் மேல் போட்டிருக்கும் வாட்டில் எண்பது சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றாதீர்கள். 90 வாட்டுக்கு 120 வாட் பெட்டி, அதாவது 24 வோல்ட், 5 ஆம்பியர், போதுமானது. செலவைப் பாருங்கள்: தினம் நாலு மணி நேரம் எரிந்தால் முப்பது நாளைக்கு விளக்குகளுக்கு மட்டும் சுமார் பதினோரு யூனிட் ஆகும்.

இன்னும் இரண்டு விஷயம் கவனியுங்கள். நம் ஊரில் வோல்டேஜ் ஏறும், இறங்கும். ஆகவே 100 முதல் 265 வோல்ட் வரை தாங்கும் பெட்டியாகக் கேளுங்கள். சில பெட்டிகளில் 110, 220 என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். அது 220 பக்கம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கரண்டு கொடுங்கள். மாறி இருந்தால் பெட்டி அப்போதே வெடித்துவிடும்.

ஒயர் விஷயம்

சொட்டு நீர் போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். வோல்ட் என்பது தண்ணீரின் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடும் தண்ணீரின் அளவு. லேட்டரல் குழாய் நீளமாகவும் சன்னமாகவும் இருந்தால் கடைசிச் செடிக்குத் தண்ணீர் சொட்டாது. ஒயரிலும் அப்படித்தான்.

1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை ஒரு முனையில் இணைத்து நமது பத்து விளக்கையும் 12 வோல்ட்டில் எரித்தால், கடைசி விளக்குக்குப் போவதற்குள் சுமார் 3 வோல்ட் வழியிலேயே தீர்ந்துவிடும். கடைசி விளக்கு மினுக்கட்டாம்பூச்சி மாதிரிதான் எரியும். அதே ஒயரில் 24 வோல்ட் என்றால் ஒன்றரை வோல்ட்தான் நஷ்டம். கரண்டை முனையில் கொடுக்காமல் பாத்தியின் நடுவில் கொண்டுவந்து இரண்டு பக்கமும் பிரித்துவிட்டால், அரை வோல்ட்டுக்கும் குறைவு. ஒயரும் அதேதான், விளக்கும் அதேதான். இணைக்கும் இடத்தை மாற்றியதில் இவ்வளவு லாபம்.

பெட்டியிலிருந்து நடுப்பாத்திக்கு வரும் ஒயரை மட்டும் 2.5 சதுர மில்லிமீட்டராகப் போடுங்கள். மெயின் பைப் பெரிது, லேட்டரல் சிறிது என்ற அதே வழக்கம்தான். இணைப்புகளை வெறுமனே முறுக்கி டேப் சுற்றாதீர்கள். நாலு மழையில் பச்சை பூத்துவிடும். நீர் புகாத கனெக்டர் போடுங்கள். பிளஸ், மைனஸ் மாறாமல் இருக்க இரண்டு நிற ஒயர் வைத்துக்கொள்ளுங்கள்.

உயிருக்குப் பாதுகாப்பு

நாம் விளக்குப் போடும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றுதான். 2024 நவம்பர் 30ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, நம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே பெட்டியைத் தரையில் வைக்கக் கூடாது. மோட்டார் கொட்டகைச் சுவரில், நெஞ்சு உயரத்துக்கு மேல், காற்றோட்டமாக, சாரல் படாமல் மாட்டுங்கள். 230 வோல்ட் கொட்டகையைத் தாண்டி வயலுக்குள் வரவே கூடாது. வயலில் 24 வோல்ட் மட்டும்தான்.

விலை மலிவான டிரைவர்கள் சிலவற்றில் உள்ளே வரும் கரண்டும் வெளியே போகும் கரண்டும் பிரிக்கப்பட்டிருக்காது. வெளிப்பக்கம் 30 வோல்ட் என்று எழுதியிருக்கும். தொட்டால் மெயின் கரண்டே அடிக்கும். "ஐசொலேட்டட்" என்று எழுதியிருக்கும் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். இரும்புப் பெட்டிக்கு எர்த் கட்டாயம். அதற்கு முன்னால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடுங்கள். கசிவு இருந்தால் கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை அது வெட்டிவிடும். 24 வோல்ட் பக்கம் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று போதும். மெயின் பக்க வேலையை லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுங்கள்.

இலவச மின் இணைப்பு பாசன மோட்டாருக்காகக் கொடுக்கப்பட்டது. அதிலிருந்து பூந்தோட்ட விளக்குக்கு இழுக்கும் முன், மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பின்னால் அபராதம் கட்டி அலைய வேண்டாம்.

கடைசியாக ஒரு வார்த்தை. டைமர் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு முறையாவது இரவு பதினோரு மணிக்கு எழுந்து, பத்து விளக்கும் எரிகிறதா, கடைசி விளக்கு மங்கலாக இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். அதே அளவில் பெட்டி ஒன்றை உபரியாக வாங்கி வீட்டில் வையுங்கள். ராத்திரியில் பெட்டி செத்தால், விடிந்ததும் கடை தேடி ஓடாமல் மறுநாள் இரவே விளக்கு எரிய வேண்டும். உபரிப் பெட்டியின் விலை, ஒரு பாத்திப் பூவின் விலையை விடக் குறைவுதான்.